கூடிக் கலைவதா ஆராய்ச்சி?

மாநாடு நடத்துவதில் தமிழ் மக்களுக்குள்ள ஆர்வம் பெரிது. பந்தலும் தோரணமும், வரவேற்புக் குழுவும் சிறப்பு மலரும், பொன்னாடையும் விருந்தும் குறைவின்றி அமைந்துவிடும். மூன்று நாள் முடிந்து பந்தல் பிரிக்கப்பட்ட பின்னர், "கூடினீர்களே, எந்த வினாவிற்கு விடை கண்டீர்கள்?" என்று ஒருவர் கேட்டால் மட்டும் மறுமொழி வருவதில்லை. அந்த மௌனத்தைப் பற்றியே நாம் இங்குப் பேச விரும்புகிறோம். இலக்கிய விழாக்களை அன்று. மொழி ஆராய்ச்சியின் பெயரால் கூடும் கூட்டங்களையே கருதுகிறோம். சொல்வது சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் நோய் முற்றிய இடத்தில் மருந்து இனிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது.

முதலில் நன்றியுடன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். 1964இல் புதுதில்லியில், தனிநாயகம் அடிகளாரின் பெருமுயற்சியால் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. 1966இல் கோலாலம்பூர், 1968இல் சென்னை, 1970இல் பாரிசு, 1974இல் யாழ்ப்பாணம், 1981இல் மதுரை என அதன் மாநாடுகள் தொடர்ந்தன. பத்தாவது மாநாடு 2019இல் சிகாகோ நகரில் கூடியது. தமிழை உலகப் பல்கலைக்கழகங்களின் வாயிலில் கொண்டு நிறுத்தியதில் இவற்றுக்குப் பங்குண்டு. நம் சமுதாயமும் வாளா இருக்கவில்லை. 1973இல் திருச்சியிலும், 1978இல் காயல்பட்டினத்திலும், 1979இல் கொழும்பிலும், 1990இல் கீழக்கரையிலும் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகளைக் கூட்டினோம். "முஸ்லிம்களுக்குத் தமிழில் இலக்கியம் உண்டா?" என்று கேட்டவர்களின் வாயை அம்மாநாடுகள் அடைத்தன. அவற்றுக்கு முன்பே, 1953இல், இலங்கையின் ம. மு. உவைஸ் தமிழ் இலக்கியத்திற்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினை ஆங்கில நூலாக வெளியிட்டிருந்தார். பின்னர் அவரும் மதுரையின் பீ. மு. அஜ்மல்கானும் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினர். கடல் பிரித்த இருவரை ஒரே ஆர்வம் இணைத்தது. பயன் நூலாக நிற்கிறது. கூடி ஆராய்தல் என்பதற்கு இதுவே இலக்கணம்.

ஆனால் அந்த இலக்கணத்தை நாம் பின்பற்றினோமா? இல்லை என்பதே நம் குற்றச்சாட்டு. உவைஸ் காலத்தில் "நமக்கு இலக்கியம் உண்டு" என்று நிறுவ வேண்டியிருந்தது. அது நிறுவப்பட்டுவிட்டது. நிறுவப்பட்டதையே மீண்டும் மீண்டும் நிறுவிக்கொண்டிருப்பது ஆராய்ச்சியாகாது. பொது மாநாடுகளில் நமக்கென ஓர் அரங்கு ஒதுக்குகிறார்கள். அங்கே சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தையும் குணங்குடியாரின் கண்ணிகளையும் எடுத்து, முன்னவர் சொன்னதையே பின்னவரும் சொல்லிப் போகிறார். நம் மாநாடுகளிலும் நிலைமை வேறில்லை. இலக்கியம் பாராட்டப்படுகிறது, அந்த இலக்கியத்திற்கு ஊற்றாகிய மொழி, நம் இல்லங்களில் நாள்தோறும் புழங்கும் தமிழ், வாயிலுக்கு வெளியே நிற்கிறது. இலங்கை முஸ்லிம்களின் பேச்சுத் தமிழை எம். ஏ. நுஃமான் மொழியியல் நோக்கில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அது போன்ற உழைப்பு இங்கே எத்தனை பேருக்கு ஆர்வமாக இருக்கிறது?

வீட்டு மொழியில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு ஒரே ஓர் எழுத்தைக் காட்டுகிறோம். நம் பெரியோர் 'பர்ளு' என்றனர், 'ஒளு' என்றனர், 'ரமளான்' என்றனர், நீதிபதியைக் 'காழி' என்றனர். அதே சொற்கள் பாரசீகத்தின் வழியாகவும் உருதுவின் வழியாகவும் வந்தபோது நாட்காட்டிகளில் 'ரம்ஜான்' ஆயின, 'காஜி' ஆயின. அரபு நெடுங்கணக்கில் உள்ள ஓர் எழுத்தை நாம் 'ளாத்' என்று ஒலிக்கிறோம். வடக்கே உள்ளோர் சகர ஒலி சார்ந்து ஒலிக்கின்றனர். கற்றவர் சிலர், "ளகரம் தமிழ் நாவின் பிழை, அரபியில் அப்படி இல்லை" என்று நகைக்கின்றனர். அவர்கள் எட்டாம் நூற்றாண்டின் இலக்கண ஆசிரியராகிய ஸீபவைஹியைக் கேட்கட்டும். நாவின் விளிம்பு கடைவாய்ப் பற்களை ஒட்டப் பிறக்கும் ஒலி என்று இவ்வெழுத்தை அவர் விளக்குகிறார். நாவின் விளிம்பில் பிறப்பது லகர ளகரங்களுக்கு இனமான ஒலியன்றோ! அரபு நாடுகளில் அவ்வொலி பிற்காலத்தில் மாறிவிட்டது. ஆனால் அரபியர் ஆண்ட ஸ்பெயின் நாட்டில் நகரத் தலைவரைக் குறிக்கும் 'அல்கால்தே' என்னும் சொல், 'அல்காளி' என்பதிலிருந்தே பிறந்தது. அதில் லகரம் இன்றும் நிற்கிறது. மலாய் மொழியில் மன இசைவைக் குறிக்கும் 'ரெலா' என்னும் சொல்லும் அவ்வாறே வந்தது. மேற்கே ஸ்பெயினும், கிழக்கே மலாய் நாடும், இடையே தமிழகக் கரையும் ஒரே சான்றைச் சொல்கின்றன.

இதன் பொருள் என்ன? நம் முன்னோர்க்கு மார்க்கம் கடல்வழியே, பாரசீக இடைநிலையின்றி, அரபியர் வாய்மொழியாகவே வந்தது என்பதற்குக் கல்வெட்டுக்கு நிகரான ஒரு சான்று, நம் பாட்டியர் 'ஒளு' என்று சொல்லும் அந்த ளகரத்தில் இருக்கிறது என்று கருத இடமுண்டு. எந்த ஊரில் ளகரம், எந்த ஊரில் ழகரம், எந்த ஊரில் லகரம் என்று வரைபடம் வரைந்தால் வணிகம் நடந்த வழிகளும், ஆலிம்கள் ஓதிச் சென்ற வழிகளும் துலங்கக்கூடும். அப்பாட்டியரின் பேத்தியரோ, "சரியாகச் சொல்லுங்கள்" என்று அவர்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். சான்று நம் கண்முன்னே அழிகிறது. நாமோ மேடையில் மலர் வெளியிடுகிறோம்!

இனித் தமிழ்ச் சொற்களின் பக்கம் வருவோம். வடக்கே 'நமாஸ்', 'ரோஸா' என்று பாரசீகச் சொற்கள் வழங்க, நாம் தொழுகை என்கிறோம்; நோன்பு என்கிறோம்; பெருநாள் என்கிறோம்; குர்ஆனை ஓதுகிறோம்; தொழும் இடத்தைப் பள்ளிவாசல் என்கிறோம். பள்ளி என்பது சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்திற்கும் வழங்கிய பழஞ்சொல். இறைவணக்கத்தின் உயிர்நிலையான சொற்களையே தமிழில் அமைத்துக்கொண்ட ஒரு சமுதாயம், இம்மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்க வேண்டும்! அரபுச் சொற்களைக் கொண்ட இடத்திலும் தமிழ் இலக்கணம் அவற்றை ஆண்டுகொண்டது. மவுத் என்பது ஈற்றில் உகரம் பெற்று 'மவுத்து' ஆயிற்று. 'ஆனார்' என்னும் தமிழ் வினையோடு சேர்ந்து 'மவுத்தானார்' ஆயிற்று. 'நிய்யத்து வைத்தல்', 'ஸலாம் சொல்லுதல்', 'துஆ கேட்டல்' என ஒவ்வொன்றும் ஒரு தமிழ் வினையின் தோளில் கை போட்டே நடக்கிறது. உறவுப் பெயர்களையோ கேட்கவே வேண்டாம். ஓரிடத்தில் அத்தா, ஓரிடத்தில் வாப்பா. ஓரிடத்தில் காக்கா, ஓரிடத்தில் நானா. ஓரிடத்தில் ராத்தா, ஓரிடத்தில் லாத்தா. இவற்றின் எல்லைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று நம் மாநாடுகளில் எத்தனை முறை விவாதித்தோம்?

நாம் விட்ட இடத்தைத் திரைப்படம் பிடித்துக்கொண்டது. முஸ்லிம் பாத்திரம் என்றால் 'நம்பள், நிம்பள்' என்று பேச வேண்டும் என ஒரு வழக்கத்தைப் பல காலம் அங்கே நிலைநாட்டினார்கள். தமிழ்நாட்டின் எந்த முஸ்லிம் குடும்பத்தில் அத்தாவும் பிள்ளையும் அவ்வாறு பேசிக்கொள்கிறார்கள்? தமிழே தாய்மொழியாகக் கொண்ட மக்களைத் தமிழறியாத வேற்றாராகக் காட்டிய அந்தப் பொய்யை, சான்றோடு மறுக்கும் கடமை மொழி ஆராய்ச்சியாளருக்கு இருந்தது. சினம் கொண்டோம், கண்டனம் தெரிவித்தோம், ஆனால் "இதோ எங்கள் பேச்சு, இதோ அதன் இலக்கணம்" என்று எடுத்து வைக்க நம் கையில் நூல் இல்லை.

தென்காசி மாவட்டத்தின் வட எல்லையை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ராயகிரியிலிருந்து இதனை எழுதுகிறோம். ஆராய்ச்சியாளர் எவரும் தேடி வரும் ஊரன்று இது. எனினும் மொழியியல் மாணவன் ஒருவனுக்கு இதனினும் நல்ல பயிற்சிக்களம் அரிதாகவே கிடைக்கும். வடக்கே இராசபாளையம், அங்கே தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள். மேற்கே மலையைக் கடந்தால் மலையாளம். தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. அதற்கப்பால் செங்கோட்டை, 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சார்ந்திருந்த நிலம். கடையநல்லூரில் நெசவோடு வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களின் நாவில் பாவு, ஊடை, நாடா, குழித்தறி என்று ஒரு சொல்லுலகம். தென்காசியோ, மெய்ஞ்ஞானப் பாடல்கள் அருளித் தக்கலையில் அடங்கியுள்ள பீர்முகம்மது அப்பா பிறந்த ஊர் என்று போற்றப்படுவது. ஒரு பேருந்தில் ஏறி இறங்கும் தொலைவுக்குள் இத்தனை வளம் கிடக்க, இவ்வளத்தைப் பற்றிப் பேச நம் அறிஞர்கள் குளிரூட்டப்பட்ட அரங்குகளைத் தேடி வானூர்தி ஏறுகிறார்கள். அங்கே படிக்கப்படும் கட்டுரை, எவருடைய பேச்சைப் பற்றியதோ அவர்களின் கைக்கு எட்டுவதே இல்லை.

சிற்றூரில் என்ன ஆராய்ச்சி நடக்கும் என்று கேட்கலாம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல், நம் நெல்லைச் சீமையின் இடையன்குடியில் குடியிருந்தவர். எமனோ என்னும் அமெரிக்க அறிஞர் 1930களில் நீலகிரி மலையில் தங்கி, சிறு தொகையினரான தோடரின் மொழியையும் கோத்தரின் மொழியையும் அவர்கள் வாய்ப்படக் கேட்டு எழுதினார். பின்னர் ஆக்ஸ்போர்டிலிருந்த பரோவும் அவரும் இணைந்து, திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை 1961இல் வெளியிட்டு, 1984இல் திருத்திய பதிப்பும் தந்தனர். இவர் ஒரு கண்டத்தில், அவர் ஒரு கண்டத்தில். இணைத்தது மேடையன்று, வேலை. 1950களின் நடுவில் புனே நகரின் தக்காணக் கல்லூரியில் மொழியியல் கோடைப் பள்ளிகள் நடந்தபோது, கூடியவர்கள் பாராட்டுரை கேட்கக் கூடவில்லை. பேச்சைக் கேட்டுப் பதிவு செய்யும் முறையைக் கற்கக் கூடினர். இந்நாட்டு மொழியியலின் ஒரு தலைமுறையே அங்கே பயிற்சி பெற்றது.

அந்நிய எடுத்துக்காட்டுகள் எதற்கு? நம் மரபிலேயே இதற்கு வழி இருக்கிறது. பஸரா நகரின் விளிம்பில் மிர்பத் என்றொரு சந்தை இருந்தது. பாலைவனத்து நாடோடிகள் ஒட்டகம் விற்க அங்கே வந்தனர். அரபு மொழியின் இலக்கண அறிஞர்களும் அங்கே சென்றனர். ஒட்டகம் வாங்கவன்று, சொல் வாங்க! நகரத்தார் நாவில் கலப்புற்ற சொற்கள் நாடோடிகளின் நாவில் எவ்வாறு நிற்கின்றன என்று கேட்டு எழுதினர். அரபியின் முதல் அகராதியை வகுத்த கலீல், அவர் மாணவர் ஸீபவைஹி ஆகியோர் எல்லாம் அந்தப் பஸராவின் பிள்ளைகள். பேசுவோர் ஆசிரியராகவும் அறிஞர் மாணவராகவும் அமர்ந்த கூட்டம் அது. ஹதீஸ் கலை வல்லாரையும் நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு செய்திக்காக ஊர் ஊராகப் பயணம் செய்தனர். எவர் சொன்னார், அவர் எவரிடம் கேட்டார் என்று சங்கிலித் தொடராகக் குறித்தனர். ஆள் இன்னார் என்று தெரியாத செய்தியைத் தள்ளினர். இன்றைய மொழியியல், களப்பணி என்று கற்பிப்பது இதற்கு நெருங்கிய உறவன்றோ! இத்தகைய மரபில் வந்தவர்கள் வெறும் மேடைப் பேச்சில் நிறைவு காண்பது தகுமா?

அரபுத்தமிழின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. தமிழை அரபு எழுத்தில் எழுத, அவ்வெழுத்துகளோடு புள்ளிகள் சேர்த்துப் புதிய வடிவங்களை நம் முன்னோர் உண்டாக்கினர். எகர ஒகரங்களுக்கும் குறி அமைத்தனர். கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் அவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினர். தைக்கா சுஐபு ஆலிம் 1993இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பெருநூல் அக்கருவூலத்தின் பரப்பைக் காட்டியது. மொழியியலாருக்கு அதில் தனியொரு பயனும் உண்டு. தமிழ் நெடுங்கணக்கில் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் எழுத்து ஒன்றே. 'பந்து' என்பதிலும் 'தம்பி' என்பதிலும் எழுதுவது ஒரே பகரம்தான். அரபு எழுத்திலோ அவ்விரு ஒலிகளையும் வேறு வேறாகக் காட்ட வழியுண்டு. அவ்வாறாயின், நூற்றைம்பது ஆண்டுக்கு முன் எழுதிய ஒருவர் ஒரு சொல்லை எவ்வாறு ஒலித்தார் என்பதற்கு அவர் தேர்ந்த எழுத்தே சாட்சியாக நிற்கக்கூடும். இவ்வினாவை எழுப்ப வேண்டியவர்கள் நாம். ஆனால் அந்தக் கிதாபுகள் மரப்பெட்டிகளின் அடியில் செல்லுக்கு இரையாகின்றன; அவற்றைத் தடையின்றி ஓதத் தெரிந்த மூதாட்டியர் ஒவ்வொருவராக மறைகின்றனர்.

நம்மை மறுப்போர் மூன்று வகையினர். "முஸ்லிம்களின் பேச்சுத் தமிழ் என்று தனியே ஆராய்ந்தால், தமிழ் மக்களிடமிருந்து நம்மைப் பிரித்துக்கொள்வது ஆகாதா?" என்பார் முதல் வகையினர். நெல்லைத் தமிழை ஆராய்வதால் நெல்லை தமிழகத்தினின்று பிரிந்துவிடவில்லை. ஆற்றின் கிளைகளை அளப்பவன் ஆற்றைப் பிளப்பவன் ஆகான். 'நம்பள், நிம்பள்' என்னும் பொய்யே நம்மைப் பிரிக்கிறது; நம் பேச்சின் மெய் நம்மைச் சேர்க்கும்.

"தொழுகை, நோன்பு என்பனவெல்லாம் பிறர் சமயத்துச் சொற்கள், அரபுச் சொற்களே தூயன" என்பார் இரண்டாம் வகையினர். மக்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதையே தன் சான்றுகளுள் ஒன்றாக இறைவன் திருமறையில் (30:22) எடுத்துரைக்கிறான். அவன் சான்றென்று சொன்னதை மாசென்று சொல்ல நாம் யார்? நூற்றாண்டுகளாக நம் ஆலிம்கள் நோன்பு என்றே சொல்லிப் போதித்தனர். அதனால் எவருடைய நோன்பும் குறைவுபடவில்லை.

"பொருளும் பட்டமும் இன்றி இப்பணி நடவாது" என்பார் மூன்றாம் வகையினர். சிங்கப்பூருக்குப் பிழைக்கச் சென்ற கடையநல்லூர் முஸ்லிம்கள், 1946இல் அங்கே உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். பல்கலைக்கழகம் அவர்களுக்குத் துணை நின்றதா? அவர்களின் உழைப்பும் மொழிப்பற்றுமே முதலாக இருந்தன. 1980களில் பள்ளி மூடப்பட்ட பின்னரும் அப்பெயர் அந்நாட்டின் தமிழ்மொழி நிலையத்திற்கு வழங்கி வருகிறது. கடல் கடந்து பள்ளி கட்டிய ஊராரின் பிள்ளைகள், உள்ளூரில் ஒரு சொற்பட்டியல் தொகுக்கப் பொருளில்லை என்றால் நம்பத்தகுமா?

ஆகவே நாம் வேண்டுவன இவை. இனி இஸ்லாமியத் தமிழின் பெயரால் கூட்டப்படும் ஒவ்வொரு மாநாடும், சென்ற முறை எடுத்த தீர்மானங்களில் எவை நிறைவேறின என்ற கணக்கோடு தொடங்கட்டும். கட்டுரைகளை முன்னரே அனுப்பிவிட்டு, கூடும் நேரத்தில் பாதியை வினாவிற்கும் விடைக்கும் ஒதுக்கட்டும். ஒரு நாளையேனும் முதியோரையும் நெசவாளரையும் மீனவரையும் அழைத்து அமர்த்தி, அவர்கள் பேசக் கேட்கும் நாளாக ஆக்கட்டும். மாநாடு வரும் வரை காத்திராமல், ராயகிரி முதல் தென்காசி வரையுள்ள ஊர்களில் படித்த இளைஞர் மாதம் ஒரு முறை ஓரிடத்தில் கூடட்டும். கையிலுள்ள பேசியே ஒலிப்பதிவுக் கருவி. பேசுபவரின் இசைவு பெற்று, ஊர், வயது, தொழில் ஆகியவற்றைக் குறித்து, திருமணம், பிறப்பு, இறப்பு, சமையல், தறி, நோன்பு என்று துறை துறையாகச் சொற்களைப் பதிவு செய்யட்டும். அரபுத்தமிழ்க் கிதாபுகளை வீட்டிலிருந்து எடுத்துச் செல்ல வேண்டாம். இருந்த இடத்திலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்தால் போதும். பல்கலைக்கழகத்தார் அதன் பின்னர் வரட்டும், வரிசைப்படுத்தட்டும், பிழை களையட்டும். அப்போது அவர்கள் நம்மிடம் சான்று கேட்டு வருவார்கள். நாம் அவர்களிடம் அரங்கு கேட்டு நிற்க வேண்டியிராது.

குடும்பத் தலைவர்களுக்கும் தலைவியருக்கும் ஒரு சொல். உங்கள் இல்லத்து மூதாட்டி 'பர்ளு' என்று சொல்லும்போது திருத்தாதீர்கள்; செவி சாயுங்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் 'வாப்பா' என்றோ 'அத்தா' என்றோ சொல்லக் கூசினால், அது எத்தனை தலைமுறை வழங்கி வந்த சொல் என்று எடுத்துச் சொல்லுங்கள். நூலகம் எரிந்தால் செய்தித்தாளில் வரும்; ஒரு சொல் மறைந்தால் எவரும் அறிவிப்பதில்லை. அறிவிக்க வேண்டியவர்கள் பந்தலில் அமர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தால், நாளைய தலைமுறை நம்மை மன்னிக்காது. கேட்கும் செவியையும், கேட்டதைக் காக்கும் உறுதியையும் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!